எர்த் குழி உப்பு

மொட்டைப்பாறையில் டிரான்ஸ்பார்மர் எரிவது மழை பெய்வது மாதிரி ஆகிவிட்டது. போன ஐப்பசியில் ஒன்று எரிந்தது. இந்தச் சித்திரையில் இன்னொன்று. வில்பட்டிக்கு மேலே, தார் ரோடு முடிந்து ஜீப்கூட முக்கிக்கொண்டு ஏறுகிற பாதையின் கடைசியில் இருக்கிற சின்ன ஊர் அது. மூன்று பக்கமும் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் பட்டாணியும். நாலாவது பக்கம் பேருக்கேற்ற மொட்டைப் பாறை. கோடை மழைக்கு முன்னால் வருகிற இடி அந்தப் பாறையைத்தான் முதலில் விசாரிக்கும். அதன் காலடியில், முருகேஸ்வரியின் பூண்டுக்காட்டை ஒட்டி, கரண்ட் ஆபீஸ்காரர்கள் இரண்டு கம்பம் நட்டு டிரான்ஸ்பார்மரை ஏற்றி வைத்திருந்தார்கள். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். ஊரில் எல்லாரும் கையை விரித்தபோது இடம் கொடுத்தவர் அவள் புருஷன் திருமலைச்சாமிதான். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன்.

ஐப்பசியில் எரிந்தபோது ஊர் கூடி யோசித்தது. கண்ணேறு என்று முடிவானது. புது டிரான்ஸ்பார்மர் வந்ததும் கம்பத்தில் பூசணிக்காய் கட்டி, கோழி அறுத்துக் கும்பிட்டார்கள். கோழியை ஊர் தின்றது. பூசணிக்காயைக் குரங்கு தின்றது. சித்திரை பிறந்து சரியாகக் கத்தரி வெயில்கூட ஏறவில்லை, டிரான்ஸ்பார்மரை இடி தின்றுவிட்டது.

மற்ற வீடுகளுக்கு டிவி இல்லை, மிக்சி இல்லை, செல்போனுக்குச் சார்ஜ் இல்லை என்பதோடு போனது. முருகேஸ்வரி வீட்டுக் கதை வேறு. போன வருஷம் வந்த காய்ச்சல் திருமலைச்சாமியின் நுரையீரலைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. "மலையிலயே இருக்கலாம். ஆனா ஆக்சிஜன் மிஷின் நிக்காம ஓடணும்" என்று கோடைக்கானல் டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார். மிஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போன நாளிலிருந்து சிலிண்டரில் ஓடுகிறது அவர் மூச்சு. அது தீர்ந்துவிடக் கூடாதே என்று காற்று அளவு முள்ளைக் குறைத்து வைத்து, குறைத்து வைத்து, மனுஷன் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். படுத்தால் இழுக்கிறது. உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார், திடுக்கென்று முழிப்பார்.

அன்றைக்கு வெள்ளனே செந்தில்வேல் வேனோடு வந்து நின்றான். திருமலைச்சாமியின் தம்பி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். வேனுக்குள் மெத்தை விரித்து, தலையணை போட்டு, ஒரு சிலிண்டரையும் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"மதினி, அண்ணனக் கெளப்புங்க. மழைக்கு முன்னாடி எறங்கிரணும்."

"காப்பி குடிங்க தம்பி மொதல்ல."

"காப்பி கெடக்கட்டும். அங்க நம்ம வீட்ல கரண்டு போனா இன்வெர்ட்டர் இருக்கு, அதுவும் போனா தெரு முக்குல ஆஸ்பத்திரி இருக்கு. இங்க என்ன இருக்கு? பாறையும் இடியும் இருக்கு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முருகேஸ்வரி கடுங்காப்பியை ஆற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே பார்த்தாள். திருமலைச்சாமி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் பாதையில் லாரி ஒன்று திணறிக்கொண்டு ஏறி வந்தது. அதன் முதுகில் சாம்பல் நிறத்தில் புது டிரான்ஸ்பார்மர்.

"இந்தா வந்துருச்சுல்ல," என்றார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினார். "இன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும் பாப்பம்டா. கரண்டு வந்தா இருக்கேன். வரலேன்னா... நீ சொல்றபடி வாரேன்."

"சொன்ன சொல்லு மாறக்கூடாதுண்ணே."

"மாற மாட்டேன்."

செந்தில்வேல் வேன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முருகேஸ்வரி அந்தப் பையையே பார்த்தாள். கீழே போகிறவர்கள் ஒரு மாசத்தில் வருவோம் என்றுதான் போகிறார்கள். அவளுக்குத் தெரிந்து அப்படிப் போன யாரும் ஏறி வந்ததில்லை. ஒத்தையில் இந்தக் காட்டையும் வீட்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? காட்டை விடு, அந்த மனுஷன் இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவாள்?

டிரான்ஸ்பார்மர் ஏற்றுகிற வேலை உச்சிப்பொழுது வரை ஓடியது. லைனில் கரண்டை நிறுத்தச் சொல்லி, செயின் கப்பி போட்டு, எரிந்ததை இறக்கி, புதியதை ஏற்றினார்கள். ஊர் ஆம்பளைகள் கயிறு பிடித்தார்கள். பொம்பளைகள் யோசனை சொன்னார்கள். அதிலும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் இருக்கிறாளே, அவள் யோசனை சொல்லாமல் ஊரில் எந்தக் கப்பியும் சுற்றாது.

"ஏலே, இடது பக்கம் சாயுதுலே! கண்ணத் தொறந்து பாருங்கடா!"

"நீ கொஞ்சம் வாய மூடுனா நேரா நிக்கும் பெரியம்மா," என்றான் கம்பத்தின் மேலிருந்து வயர்மேன் கதிர்வேல். வில்பட்டிக்காரன். இந்த மலையில் அவன் ஏறாத கம்பம் கிடையாது.

கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் ஏ.இ. லாவண்யா, கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர். பழனிப் பெண். இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தலையில் மஞ்சள் ஹெல்மெட், அதற்கு அடியில் ஸ்வெட்டர் துணியில் ஒரு குல்லா. பழனி வெயிலில் வளர்ந்த உடம்புக்குச் சித்திரையிலும் இங்கே குளிர்ந்தது. டிரான்ஸ்பார்மருக்கு மேலே, வயர் வந்து சேருகிற இடத்தில், கதிர்வேல் புதிதாக மூன்று குட்டைத் தண்டுகளை மாட்டிக்கொண்டிருந்தான். அடுக்கடுக்காகத் தட்டு வைத்த மாதிரி இருந்தன.

"அது என்னம்மா, புதுசா?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"எல்.ஏ.ங்கக்கா. இடிதாங்கி மாதிரின்னு வச்சுக்கங்க. பழசு மூணும் செத்துப்போச்சு. இடி வயர்ல எறங்குனா, டிரான்ஸ்பார்மருக்குள்ள போக விடாம இது வாங்கி மண்ணுக்குள்ள தள்ளிவிட்டுரும். சாதா நேரத்துல சும்மா நிக்கும். இடி வர்ற அந்த ஒரு நொடிக்குத்தான் இதுக்குச் சோலி."

"அப்ப போன தடவையும் இது இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. அதான் எனக்கும் புரியல. அதுக்குத்தான் இடிய மண்ணுக்குள்ள எறக்குற எர்த்தை அளந்து பாக்கணும். மழைத் தண்ணி போறதுக்கு வாய்க்கா வெட்டி வச்சிருக்கீங்க. கடைசில வாய்க்கா அடைச்சிருந்தா தண்ணி எங்க போகும்?"

"காட்டுக்குள்ளதான் ஏறும்."

"அதேதான்."

லாவண்யா ஒரு அளவுப் பெட்டியைத் திறந்து, இரண்டு கம்பிகளைத் தள்ளித் தள்ளி மண்ணில் அடிக்கச் சொல்லி, வயரை மாட்டிப் பட்டனை அழுத்தினாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். வயரைக் கழற்றி மாட்டினாள். முகம் சுருங்கிவிட்டது.

"கதிர்வேல், கீழ வாங்க. அஞ்சு ஓமுக்குள்ள காட்டணும். நூத்தம்பதுக்கு மேல போகுது."

"இருக்காது மேடம். பாறை ஊருன்னு நானே நின்னு குழி வெட்டி, அடுப்புக்கரியும் கல்லுப்புமா மாத்தி மாத்தி போட்டேன். ஈரம் நிக்கட்டும்னு போற வர்றப்ப தண்ணியும் ஊத்துறேன்."

"அளந்து பாத்தீங்களா?"

கதிர்வேல் தலையைச் சொறிந்தான். "மூடி மேலயே ஊத்துனா உள்ள போயிரும்னு தொறந்தே பாக்கல. அளக்கவும் இல்ல மேடம்."

"இந்த எர்த்தை வச்சு நான் கரண்டு குடுக்க மாட்டேன். இன்னிக்கோ நாளைக்கோ இடி விழுந்தா இதுவும் போகும். அடுத்தது எப்ப கிடைக்கும்னு எனக்கே தெரியாது. திண்டுக்கல்லேர்ந்து எர்த்துக்குப் போடுற பவுடர் வரட்டும். ஒரு வாரம் பொறுங்க."

ஒரு வாரமா! முருகேஸ்வரி வேன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். செந்தில்வேல் சட்டைப் பையில் கை வைத்துச் சாவி இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"குழியத் தோண்டிப் பாத்துருவோம் மேடம்," என்று கதிர்வேல் கடப்பாரையைத் தூக்கினான். சிமெண்டு மூடியைப் புரட்டினான். உள்ளே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

குழிக்குள் கல் கிடந்தது. உடைத்த பாறைக் கல்லும் வறண்ட செம்மண்ணும். நடுவில் இரும்புப் பைப் எதையும் தொடாமல் ஒப்புக்கு நின்றது. கரியும் இல்லை, உப்பும் இல்லை.

"நான் போட்டது எங்க போச்சு?"

பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க போச்சா? நீ போட்டாத்தான இருக்கும்! கல்ல அள்ளிக் கொட்டி மூடிட்டு, உப்புப் போட்டேன் புளி போட்டேன்னு கதையா அளக்குற? உப்பக்கூடவா விட்டு வைக்க மாட்டீக?"

"பெரியம்மா, வாய்க்கு வந்ததப் பேசாத."

"பேசுவேன்டா! ரெண்டு டிரான்ஸ்பார்மரு! எம் மக வளைகாப்பே இருட்டுல நடந்துச்சு. ஐப்பசில எங்க வீட்டு ஃபிரிட்ஜும் கருகிப் போச்சு. உனக்கு உப்பு மிச்சமா?"

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தர் அன்றைக்கே எனக்குச் சந்தேகம் என்றார். சந்தேகம் அவருக்கு எப்போதும் மறுநாள்தான் வரும், அது வேறு விஷயம். லாவண்யா கையை உயர்த்தி அமர்த்திவிட்டு, கதிர்வேலிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான். நான் மேல சொல்லித்தான் ஆகணும். தப்பா நினைக்காதீங்க."

கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பத்து உச்சியில் காற்று அடிக்கும்போதெல்லாம் கலங்காத ஆள். "சாமி சத்தியமா போட்டேன் மேடம்" என்றான். வேறு என்ன சொல்வான், பாவம்.

முருகேஸ்வரி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கல்லையும் அவளுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். டிரான்ஸ்பார்மர் வந்த புதிதில் காட்டுமாடு வர ஆரம்பித்தது. கோடைக்கானல் பக்கம் காட்டுமாடு வருவது புதுசு இல்லை, பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கும். ஆனால் அவள் காட்டுக்கு மட்டும் வந்தது, கூட்டமாக வந்தது. பூண்டைத் தின்னக்கூட இல்லை. மிதித்துக்கொண்டு நேரே போய் அந்தக் கம்பத்தடியில் மண்ணை நக்கியது. மூடியைக் கொம்பால் தள்ளிவிட்டுக் குழிக்குள் மூஞ்சியை விட்டது. திருமலைச்சாமி அப்போது காய்ச்சலில் கிடந்தார். காலையில் எழுந்து பார்த்தால் பாத்தி பாத்தியாகப் பூண்டு நசுங்கிக் கிடக்கும். பட்டாசு வெடித்தாள், தகரத்தைத் தட்டினாள், சேலையைக் கிழித்துக் கட்டினாள். அதுக்கு உப்பு ருசி பிடித்துவிட்டது, விடுமா? ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கரியும் உப்புமாக இருந்ததையெல்லாம் கூடை கூடையாக அள்ளி ஓடையில் கொட்டினாள். மாடு நக்க ஒரு துளி மிச்சம் இருக்கக் கூடாதென்று கல்லையும் வறட்டு மண்ணையும் போட்டு, மூடியையும் திரும்ப வைத்தாள். கம்பத்தடியில் எதற்கு உப்பு என்று அவளுக்கு என்ன தெரியும்? வேலை பார்த்தவர்கள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்தாள். காட்டுமாடு வருவது நின்றது. அப்பாடா என்று இருந்தாள்.

இன்றைக்குப் புரிகிறது. ஊரை இரண்டு தடவை இருட்டில் போட்டதும், புருஷன் மூச்சை அளந்து அளந்து விட வைத்ததும் அவள் மம்பட்டிதான்.

சொல்லாமல் இருந்துவிடலாம். கல் வாய் திறந்து பேசப் போவதில்லை. ஆனால் கதிர்வேல் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறானே.

"ஏம்மா," என்றாள். லாவண்யாவுக்கும் கதிர்வேலுக்கும் நடுவே போய் நின்றாள். "அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லாதீக. நான்தான் அள்ளுனேன்."

"எத?" என்றாள் பொன்னுத்தாய்.

"உப்பத்தான். காட்டுமாடு நக்க வந்துச்சு. பூண்டு பூராம் மிதிபட்டுச்சு. அதான் அள்ளி ஓடையில கொட்டிட்டேன். கல்லும் நான் போட்டதுதான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா."

பொன்னுத்தாய்க்கு வாய் திறந்தபடி இருந்தது. அவளுக்கே வார்த்தை கிடைக்காத நேரம் அது, ஊர் சரித்திரத்தில் எழுதி வைக்கலாம். ஆனால் அதிக நேரம் நீடிக்கவில்லை.

"அடிப் பாவி மகளே! கோழி அறுத்தமேடி! கண்ணேறுன்னு சொல்லி எம் மருமககிட்டச் சண்டை போட்டேனேடி! எல்லாம் நீ பண்ணுன வேலையா?"

"நான்தான் மதினி."

"உம் பூண்டு நாலு பாத்திக்கு ஊரையே இருட்டாக்கிட்டியே!"

"ஆமா." முருகேஸ்வரிக்கு அழுகை பொங்கிவிட்டது. "எம் புருஷன் மூச்சையும் நான்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

அதற்கு மேல் பொன்னுத்தாயால் திட்ட முடியவில்லை. திட்டு வாங்குகிறவள் எதிர்த்துப் பேச வேண்டாமா? முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "சரி, அழுகாத. அழுது என்னத்த ஆகப்போகுது," என்று லாவண்யா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, எங்க வீட்ல ஒரு மூட்டை கல்லுப்புக் கெடக்கு, மாட்டுக்கு வாங்குனது. கொண்டாரேன், கொட்டுங்க. சோலி முடிஞ்சுச்சு."

"கொட்டலாம். காட்டுமாடு திரும்ப வருமே," என்றான் கதிர்வேல். அவன் குரல் இப்போது தெளிந்திருந்தது.

லாவண்யா காட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். "உப்புப் போடுறதே ஈரம் நிக்கத்தான். எந்நேரமும் ஈரமா இருக்கிற மண்ணு கிடைச்சா உப்பே வேண்டாம். இந்தப் பக்கம் அப்படி எங்கயாச்சும் இருக்கா? பங்குனி சித்திரையிலயும் காயாத இடமா இருக்கணும்."

ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஓடை ரொம்ப தூரம். குழாயடி பாறை மேல் இருக்கிறது. முருகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க காட்டுலயே இருக்கும்மா. அந்தக் கீழ் மூலை. அங்க எத்தனை தடவ ஊனுனாலும் பூண்டு அழுகிப் போகும். கால வச்சா பொதக்குன்னு உள்ள போகும். கோரைதான் மொளைக்கும். பாறை ஊத்து எங்கயோ அடியில வருது போல."

லாவண்யா நேராக நடந்து போய் அந்த மூலையில் காலை வைத்தாள். ஷூ கணுக்கால் வரை புதைந்தது. குல்லாப் போட்ட அந்த முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"கதிர்வேல், ரெண்டு பைப் இருக்கா?"

"இருக்கு மேடம். கம்பத்தோட இணைக்கிற தகடும் இருக்கு. வரப்பு ஓரமாச் சுத்திக் கொண்டுவந்துரலாம். அக்கா பயிரு பாழாகாது."

"அதுதான் முடியாது." லாவண்யா முருகேஸ்வரியைப் பார்க்கச் சங்கடப்பட்டாள். "இடிக்கு வளைவு திருப்பம் ஆகாதுக்கா. நேரா எறங்குனாத்தான் வெரசா போகும். கம்பத்துலேர்ந்து அந்த மூலைக்குக் காட்டுக்கு நடுவுலதான் வெட்டணும்."

நடுவில் என்றால் நல்ல பூண்டு. கரும்பச்சையாகத் தாள் நிமிர்ந்து, இன்னும் ஒரு மாசத்தில் பிடுங்க வேண்டிய பூண்டு. இதைக் காப்பாற்றத்தான் அவ்வளவு வேலையும் செய்தாள். முருகேஸ்வரி ஒரு நொடி பார்த்தாள், அவ்வளவுதான். குனிந்து, வழியில் இருந்த முதல் பாத்திப் பூண்டைக் கைநிறையப் பிடித்து வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

"வெட்டுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு யார் மம்பட்டி எடுத்தார்கள், யார் கடப்பாரை எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. முதலில் இறங்கியது பொன்னுத்தாய்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு திட்டு. "உப்பை அள்ளுனாளாம் உப்பை! கேக்க வேண்டாமா ஒரு வார்த்த? நான் என்ன செத்தா போயிட்டேன் பக்கத்து வீட்ல?" திட்டிக்கொண்டே அவள் வெட்டிய கால்வாய்தான் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மற்ற பெண்கள் பிஞ்சுப் பூண்டைப் பிடுங்கி மடியில் கட்டினார்கள், குழம்புக்காவது ஆகட்டும் என்று. வீட்டுக்கு வீடு அடுப்புக்கரி வந்தது. வேனில் சாய்ந்து நின்றிருந்த செந்தில்வேல் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் மணியைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பைப் அடிக்கிற சம்மட்டியைக் கதிர்வேலிடமிருந்து வாங்கினான்.

"தம்பி, நீங்க எதுக்கு..." என்றாள் முருகேஸ்வரி.

"மூட்டை தூக்குன ஒடம்புதான் மதினி. சாயந்தரம் வரைக்கும்னு அண்ணன் சொல்லிருச்சு. அது வரைக்கும் சும்மா நின்னு என்ன பண்ண?"

பைப் இரண்டும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின. தகட்டை இணைத்து, கரியைப் போட்டு, ஈர மண்ணை மிதித்து மூடினார்கள். இதற்குள் வடக்கே மேகம் கருத்துத் திரண்டு, பழனி பக்கத்துச் சரிவெல்லாம் மறைந்துவிட்டது. காற்றில் மழை வாசம் வந்தது. லாவண்யா பெட்டியை மாட்டிப் பட்டனை அழுத்தினாள். எல்லார் கண்ணும் அவள் மூஞ்சியில்.

"நாலரை," என்றாள்.

பொன்னுத்தாய்க்கு அது நல்லதா கெட்டதா என்று மறந்துவிட்டது. "அப்படின்னா?"

"அஞ்சுக்குக் கீழ, பெரியம்மா. பாஸ்."

கதிர்வேல் போன் போட்டு லைனுக்குக் கரண்ட் கேட்டு வாங்கினான். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு சுவிட்சைத் தூக்கிப் போட்டான். டிரான்ஸ்பார்மர் ம்ம்ம் என்று உறுமியது. எங்கேயோ ஒரு வீட்டில் டிவி அலறியது. முருகேஸ்வரி சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினாள். மிஷின் பச்சை விளக்கோடு புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிலிண்டர் குழாயைக் கழற்றி மிஷின் குழாயைப் புருஷன் மூக்கில் மாட்டினாள். டாக்டர் சொன்ன அளவுக்குக் குமிழைத் திருப்பினாள். குறைக்கவில்லை.

"காலெல்லாம் என்ன சேறு?" என்றார் திருமலைச்சாமி.

"நான்தான் உப்ப அள்ளுனேங்க."

"தெரியும். பொன்னுத்தாயி போட்ட சத்தம் கோடைக்கானலுக்கே கேட்டிருக்கும்." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காச்சல்ல கெடந்தவன் நான். ஒத்தையில மாட்டோட மல்லுக்கு நின்னவ நீ. விடு."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பேச்சுக் கேட்காத மழை. லாவண்யாவும் கதிர்வேலும் செந்தில்வேலும் நனைந்து வந்து உள்ளே ஒடுங்கினார்கள். பொன்னுத்தாய் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். முருகேஸ்வரி பட்டாணியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, பிடுங்கின பிஞ்சுப் பூண்டையே தாளோடு நறுக்கித் தாளித்துக் கொடுத்தாள். சுடச்சுட ஊதித் தின்றார்கள். மூக்கு ஒழுகத் தின்றாள் லாவண்யா.

இடி தூரத்தில் உருண்டது. பிறகு கிட்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் பல்பைப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்று விழுந்தது பாருங்கள், வீடே வெள்ளையாகி, கண் திறப்பதற்குள் சத்தம் காதை அடைத்தது. பாறையில்தான். தட்டு குலுங்கியது. பல்பு அணைந்தது. மிஷின் கீக்கென்று ஒரு தரம் கத்திவிட்டு நின்றது.

"போச்சு," என்றான் செந்தில்வேல்.

முருகேஸ்வரி இருட்டில் தடவி சிலிண்டர் குழாயை எடுத்தாள். செந்தில்வேல் அண்ணனின் கம்பளியைச் சுருட்ட ஆரம்பித்தான். கதிர்வேல் மட்டும் வாசலில் நின்று மழைக்குள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எண்ணெய் ஒழுகல. புகையும் இல்ல," என்றான். "மேடம், நம்ம டிரான்ஸ்பார்மர் நல்லாத்தான் நிக்கிற மாதிரி இருக்கு."

லாவண்யா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "சப்ஸ்டேஷனா? வில்பட்டி லைன் டிரிப்பா?... ஆமா... இடிதான்... இங்க எல்லாம் சரியா இருக்கு, போட்டுப் பாருங்க." போனைக் காதிலிருந்து எடுக்காமலே எல்லாரையும் பார்த்துக் கையைக் காட்டினாள், பொறுங்கள் என்பது போல. "லைன் பூராமே போயிருக்கு. நம்மளது மட்டும் இல்ல."

அந்தச் சில நொடி எவ்வளவு நீளம் என்று முருகேஸ்வரியைக் கேட்டால் ஒரு வருஷம் என்பாள். குழாயைப் புருஷன் மூக்குக்கு நேரே பிடித்தபடி நின்றாள். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை.

பல்பு எரிந்தது.

மிஷின் ஒரு தரம் விக்கி, பச்சை விளக்கைப் போட்டு, புஸ் புஸ்ஸென்று ஓட ஆரம்பித்தது.

பொன்னுத்தாய் கையைத் தட்டினாள். "ஏ ஆத்தா! வாங்கிருச்சுடி! உம் மண்ணு வாங்கிருச்சுடி!" என்று முருகேஸ்வரியைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு ஒரு குத்தும் விட்டாள், பாக்கி இருந்த கோபத்துக்கு. கதிர்வேல் சுவரில் சாய்ந்து சிரித்தான். லாவண்யா குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழைத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

மறுபடி ஒரு இடி விழுந்தது. பல்பு மினுக்கி நின்றது. அப்புறம் இன்னொன்று. மழை கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல் குறைந்தது.

"அண்ணே," என்று செந்தில்வேல் திரும்பினான். "மழை விட்டதும் நான் கெளம்புறேன். நீ இரு. அடுத்த வாரம் இன்வெர்ட்டர் ஒண்ணு கொண்டாந்து மாட்டிவிட்டுறேன், அதுக்கு மட்டும் மாட்டேன்னு சொல்லக் கூடாது, என்ன? அண்ணே, ஒன்னத்தான்..."

"ஸ்ஸ்," என்றாள் முருகேஸ்வரி. வாயில் விரலை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்தே வந்தது. "சத்தம் போடாதீக தம்பி."

திருமலைச்சாமி சுவரை விட்டுச் சரிந்து, காலை நீட்டி, மல்லாந்து படுத்திருந்தார். வெளியே இடி உருண்டுகொண்டிருந்தது. அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.